மாமன் போன பிறகு அவன் கேட்ட கேள்வி

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் தூத்தூர்ப் பக்கம். கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மகள் மூன்றாம் வகுப்பு, அடுத்து புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டியவள். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவான எங்கள் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். மரியாயின் சேனை என்ற பக்தசபையிலும் இருக்கிறேன்.

மகன் சிறுவயதிலிருந்தே பீடச் சிறுவனாக இருந்தவன். ஒரு வருடமாகக் கோயில் பக்கம் வருவதில்லை. ஞாயிறு பூசைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். மறைக்கல்விக்கும் போவதில்லை. வீட்டில் மாலை ஜெபம் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறான். தினமும் ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாக வேண்டுகிறேன், அப்படியாவது உறைக்கட்டும் என்று. திட்டியும் அழுதும் பார்த்துவிட்டேன். செல்போனைப் பிடுங்கி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடாமலும் இருந்தேன். அவன் திருந்தினால் வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய் மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறேன். "என் தலையை நேர்ந்துவிட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்கிறான். இந்த ஆண்டு எங்கள் பங்குக்கு ஆயர், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருள் அடையாளமான உறுதிப்பூசுதல் கொடுக்க வருகிறார். பெயர் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறான்.

என் அம்மா மீன் கூடையைத் தலையில் சுமந்து நடக்கும்போதே ஜெபமாலை சொல்லுவார். அவர் ஒரு பார்வை பார்த்தால் பிள்ளைகள் எல்லாரும் முழங்காலில் நிற்போம். எனக்கு இருப்பது ஒரு மகன், அவனே நான் சொன்னால் கேட்பதில்லை. வளர்த்தவள் சரியில்லை என்கிறார் மாமியார். அன்பியத்துப் பெண்கள் "புனித மோனிக்காவைப் போல விடாமல் அழு" என்கிறார்கள். என் தம்பி ஒக்கிப் புயலில் கடலோடு போனதிலிருந்து வீட்டில் எல்லாமே மாறிவிட்டது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது இவன் ஏதோ கேட்டான், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று வாயை அடைத்தேன்.

நான் தாயாகத் தோற்றுவிட்டேனா? அவனை வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா? அன்பியப் பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தோற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாரத்தோடு மேலே படித்தால் நான் எழுதுவது எதுவும் மனதில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் பையன்கள் நம் மாவட்டத்தில் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். தினமும் முழங்காலில் நிற்கும் தாய்மாரின் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

செல்போன், மொட்டை, மாமியார் எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, தம்பியைப் பற்றி மட்டும் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை என்று உங்கள் பிறந்த வீட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை, பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த அந்த டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் மகன் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பான், இன்று உங்கள் மகள் இருக்கும் வயதில். மாமன் வந்துவிடுவார் என்று வீட்டில் இரவும் பகலும் ஜெபமாலை நடந்திருக்கும். அவனும் உட்கார்ந்து சொல்லியிருப்பான். பிள்ளைகள் அந்த வயதில் பாதி மனதோடு ஜெபிப்பதில்லை, கேட்டால் கிடைக்கும் என்று முழுதாக நம்பித்தான் கேட்பார்கள். மாமன் வரவில்லை. அதன் பிறகு அவன் உங்களிடம் ஏதோ கேட்டிருக்கிறான். "மாதா ஏன் காப்பாற்றவில்லை?" என்பதாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அப்படிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தம்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற நேரத்தில் எந்தப் பெண்ணால் ஒரு குழந்தைக்கு இறையியல் சொல்லிக்கொடுக்க முடியும்? அந்தக் கேள்வி உங்கள் நெஞ்சிலும் இருந்திருக்கும், அவன் அதை வாய்விட்டுச் சொன்னபோது நீங்கள் பயந்திருப்பீர்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அன்று புரிந்துகொண்டது இதுதான்: இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்கக்கூடாது, கோயிலிலும் கேட்கக்கூடாது. சிறுவனாக இருந்தவரை அடங்கிப் பீடத்தில் நின்றான். இப்போது எழுந்து வெளியே போகும் வயது வந்துவிட்டது, போகிறான். இது என் ஊகம்தான். ஆனால் கோயிலை விட்டு விலகிய பிள்ளைகளோடு பேசிப் பார்க்கிறபோது, கடவுளை மறுக்கத் துணிந்தவர்களைவிட, கடவுள்மேல் கோபமாக இருந்தும் அதைச் சொல்ல இடமில்லாதவர்களையே நான் அதிகம் காண்கிறேன்.

உடல் கிடைக்காத மரணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலோசகர்களாகிய நாங்கள் அதைத் தனி வகைத் துக்கமாகவே பார்க்கிறோம். அடக்கப் பூசை இல்லை, மண் போடவில்லை, முகம் பார்க்கவில்லை. மனம் "போய்விட்டார்" என்று ஒரு நாள் சொல்லும், மறுநாள் ஏதாவது ஒரு தீவில் கரையேறியிருப்பார் என்று சொல்லும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது, அந்தக் குடும்பத்துக்கு எங்கே ஏற்றுவது என்று தெரிவதில்லை. பெரியவர்களே இதில் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். குழந்தையிடம் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது தனக்குத் தெரிந்த விதத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். சகோதரி, நீங்களும் இந்தத் துக்கத்தைச் சரியாக அழுது தீர்க்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பியம், சேனை, ஜெபக்கூட்டம் என்று ஓய்வில்லாமல் இருப்பது விசுவாசமாகவும் இருக்கலாம், அழ நேரமில்லாமல் பார்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியும்.

அவனுடைய கேள்வி தேவதூஷணம் என்று பயப்படாதீர்கள். அது விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. புயலில் படகு அமிழும்போது இயேசு பின்பக்கத்தில் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். ஒக்கியைக் கண்ட எந்தக் குடும்பமும் அந்தப் பகுதியைச் சாதாரணமாக வாசித்துவிட முடியாது. மார்த்தா தன் சகோதரன் இறந்த துக்கத்தில், நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சகோதரனை இழந்த பெண் பேசிய பேச்சு அது. இயேசு அவரை அதட்டவில்லை. சற்று நேரத்தில் அவரே அழுகிறார்.

நம் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டப் பிள்ளை, வீட்டில் இழப்புக்கு மேல் இழப்பு வந்து மனம் உடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்து கடவுளிடம் முறையிட்ட விவிலிய மனிதரான யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. டி லனாய் 1741-ல் உங்கள் குளச்சலில் நடந்த போரில் பிடிபட்டவர். அந்த நீலகண்டப் பிள்ளைதான் 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் விசுவாசத்துக்குள் வந்த வாசல், எனக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்ற கேள்விதான். உங்கள் மகன் அதே வாசலில் நிற்கிறான். அவன் உள்ளே வருகிறானா வெளியே போகிறானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

யோபுவின் கதையில் தாய்மாருக்கு வேண்டிய இடம் ஒன்று உண்டு. துக்கம் கேட்க வந்த மூன்று நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிறகு வாய் திறந்து, கடவுளுக்காக வாதாடத் தொடங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த வாதாடியவர்கள்மேல்தான். கடவுளிடம் முறையிட்டு முறையிட்டுச் சண்டை போட்ட யோபுதான் சரியாகப் பேசினார் என்று சொல்லிவிடுகிறார்.

ஆகவே முதலில் அவன் பேச இடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஜெப நேரம் வேண்டாம், மாமியார் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதோ, இருவரும் பஸ்ஸுக்கு நிற்கும்போதோ, இருவர் கண்ணும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் நல்லது. இந்த வயதுப் பையன்களுக்கு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவது விசாரணை மாதிரிப் படும். இப்படிச் சொல்லலாம்: "மக்களே, மாமன் போனபோது நீ ஒன்று கேட்டாய். நான் உன்னை அதட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. ஆனால் நீ என்ன கேட்டாய் என்பதைக் கேட்க ஆசைப்படுகிறேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். குறிப்பாக, "அதனால்தான் பூசைக்கு வருவதில்லையா?" என்று கேட்காதீர்கள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி அவன் எழுந்து போகலாம். போகட்டும், சொன்னது அவன் காதில் இருக்கும். சில நாள் கழித்துத் தானே வந்து, கடவுளே இல்லை என்று வெட்டென்று சொல்லவும் செய்யலாம். அப்போது சிலுவை போட்டுக்கொள்ளாதீர்கள், "மாதாவே" என்று நெஞ்சில் கைவைக்காதீர்கள். "சரி, சொல்" என்று கேளுங்கள். அழுகை வந்தால் தம்பிக்காக அழுங்கள், அவன் பார்க்கட்டும். அவனுக்காக நீங்கள் அழுத அழுகையையே ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறான். மாமனுக்காக நீங்கள் அழுது அவன் பார்த்திருப்பானா?

இன்னொன்றையும் கேட்காமல் விட்டால் நான் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. பீடத்தில் நின்ற பிள்ளை காரணம் சொல்லாமல் விலகினால், அங்கே அவனுக்கு யாராவது ஏதாவது செய்தார்களா என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம், தவறாகத் தொட்டிருக்கலாம். அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். "யாராக இருந்தாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன்" என்ற ஒரு வார்த்தையோடு கேளுங்கள். தவறாக நடந்தது என்று சொன்னால் நம்புங்கள். ஊர்க் கமிட்டியில் வைத்துப் பேசி முடிக்க விடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. திருச்சபையும் இதை மூடிவைக்கச் சொல்லவில்லை. புகார் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நிலையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் கட்டளையாகவே பிறப்பித்தார்.

மாலை ஜெபத்துக்கு வருகிறேன். அவன் காதில் விழட்டும் என்று சத்தமாக வேண்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அது கடவுளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. அவனுக்கு அது நன்றாகப் புரிகிறது, அதனால்தான் எழுந்து போகிறான். அவனுக்கான வேண்டுதலை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டவருக்கு அது கேட்கும். ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் பிரார்த்தனையும் முழுதாகச் சொல்ல நேரமிருக்கும் நாளில் நீங்களும் மகளும் சொல்லுங்கள், பள்ளி நாளில் ஒரு பத்து மணி போதும். இறந்தோருக்கான வேண்டுதலில் உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லுங்கள். அவன் அடுத்த அறையில் இருந்தால் இருக்கட்டும், வெளியே போனால் போகட்டும், கதவைச் சாத்தாதீர்கள்.

வேளாங்கண்ணி நேர்ச்சையைப் பற்றி உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று சொல்கிறது. அது 1193-ஆம் சட்டம். அவன் தலையை நேர உங்களுக்கு உரிமை இல்லை, அவனுக்கும் அதை நிறைவேற்றும் கடமை இல்லை. நேர்ச்சையை மீறினால் மாதா தண்டித்துவிடுவார் என்ற பயம் உங்கள் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஊர்ப் பெண்கள் இந்தப் பயத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. தானாகச் செய்த தனிப்பட்ட நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறந்த ஒன்றாக அவரே மாற்றிக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தையே அதிலிருந்து விடுவிக்கவும் முடியும். நீங்கள் போங்கள் வேளாங்கண்ணிக்கு, உங்கள் பெயரில், உங்கள் தம்பிக்காக. மகனிடம் போய், "நீ சொன்னது சரிதான், உன் தலையை நான் நேர்ந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தாய் இதைச் சொல்லும்போது பையன்களுக்கு ஏற்படும் ஆச்சரியத்தை நான் பார்த்திருக்கிறேன். நூறு அறிவுரை திறக்காத கதவு அதில் திறக்கும்.

உறுதிப்பூசுதலுக்கு இந்த ஆண்டு பெயர் கொடுக்க வேண்டாம். ஆயர் அடுத்து எப்போது வருவாரோ, பிறகு கல்யாணத்துக்கு ஓலை வாங்கப் போகும்போது கேட்பார்களே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். இருக்கட்டும். அந்த அருள் அடையாளத்தைப் பெறுபவர் தகுந்த மனநிலையோடு இருக்க வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதிகளைத் தானே புதுப்பிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மனதில் இல்லாததை ஆயர் முன்னால் வாயால் சொல்ல வைப்பது அவனுக்குப் பொய் கற்றுக்கொடுப்பதாகும். பிறகு வயது வந்தவனாகக் கேட்டும் பெறலாம். பங்குத்தந்தையிடம் நீங்களே போய், இந்த முறை வேண்டாம், அவனுக்கு நேரம் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். "அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்கள் ஃபாதர்" என்று கேட்காதீர்கள். நவம்பர் 30 அன்று தம்பிக்காக ஒரு பூசை கேளுங்கள், கல்லறைத் திருநாளில் வாசிக்கும் பெயர்களில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதிகளை மகனிடம் தெரிவியுங்கள். வா என்று கூப்பிட வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்.

வற்புறுத்துவதா விட்டுவிடுவதா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லாலும் நடத்தையாலும் விசுவாசத்தைக் கொடுப்பது மற்ற எல்லாருக்கும் முன்னால் பெற்றோரின் கடமை என்று திருச்சபை சொல்கிறது. அந்தக் கடமையிலிருந்து உங்களுக்கு விடுதலை இல்லை. ஆனால் மனச்சாட்சியை மீறி யாரையும் விசுவாசத்துக்குள் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் அதே திருச்சபைதான் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ல் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஏட்டில், பிள்ளை எங்கே போகிறான் வருகிறான் என்று ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துக்கொண்டே இருப்பது வளர்ப்பு ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். வளரிளம் பருவத்தினருக்கு அதிகாரமும் சட்டமும் உறைப்பதில்லை, அவர்களே விசுவாசத்தை அனுபவித்துக் காண உதவ வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இறுகிய முடிச்சை இழுத்தால் வலைதான் கிழியும் என்பது கடற்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடைமுறையில் இதன் பொருள்: ஞாயிறு காலையில் ஒருமுறை எழுப்புங்கள், "நாங்கள் பூசைக்குப் போகிறோம், வருகிறாயா?" என்று கேளுங்கள், வராவிட்டால் முகத்தைத் தூக்காமல் போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டைத் தண்டனையாக்குவது இனி ஒருபோதும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். அப்பத்தைப் பகிர்ந்துகொடுக்கும் வழிபாட்டுக்கு வரவில்லை என்பதற்காக வீட்டில் சோற்றை மறுத்தால், அந்த வழிபாட்டைப் பற்றி அவனுக்கு என்ன புரியும்? செல்போனுக்குக் கட்டுப்பாடு வையுங்கள், படிப்புக்காகவும் தூக்கத்துக்காகவும் வையுங்கள், பூசையோடு முடிச்சுப் போடாதீர்கள். மற்றவர்களுடைய ஜெபத்தைக் கேலி செய்யக்கூடாது, தங்கச்சியை மறைக்கல்வியிலிருந்து கூட்டிவர வேண்டும், ஊர்த் திருவிழாவில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும் என்பவை வீட்டு ஒழுங்கு. இவற்றில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம்.

மகளிடம் மட்டும் கவனமாக இருங்கள். "அண்ணனைப் போல ஆகிவிடாதே" என்ற பேச்சு அவள் காதில் விழக்கூடாது. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைக்கு நற்கருணை அண்ணனைத் தோற்கடிக்கும் பரிசாக ஆகிவிடும்.

உங்கள் அம்மாவோடு உங்களை ஒப்பிட்டு வதைத்துக்கொள்கிறீர்கள். அவர் ஒரு பார்வையில் எல்லாரையும் முழங்காலில் நிறுத்தியபோது, ஊரே அந்த நேரத்தில் முழங்காலில் நின்றது. கோயில் மணி அடித்தால் தெருவே அடங்கும். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு முழு ஊர் இருந்தது. உங்கள் மகன் பல ஊர்ப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகிறான், கையில் உலகமே இருக்கிறது, நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். ஆனால் கூடையைச் சுமந்துகொண்டே ஜெபித்த பாட்டியின் கதையை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? "அவளைப் பார், உன்னைப் பார்" என்று சேர்க்காமல், கதையாகச் சொல்லுங்கள். திமொத்தேயுவுக்கு எழுதும் பவுல், அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். விசுவாசம் இப்படிப் பாட்டிகள் வழியாகவும் வந்து சேர்கிறது.

மோனிக்காவைப் போல அழு என்கிறவர்கள், புனித அகுஸ்தினாரைப் பெற்ற அந்தத் தாயின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி அவர் ஓர் ஆயரிடம் மன்றாடியபோது, அந்த ஆயர் மறுத்துவிட்டார். இப்போது பேசினால் ஏறாது, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்றார். மோனிக்கா விடாமல் வற்புறுத்தியபோதுதான், இத்தனை கண்ணீரின் பிள்ளை அழிந்துபோகாது என்ற புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னார், அதுவும் சற்றுச் சலிப்போடு. பிறகும் மோனிக்கா மகனைக் கையைவிட்டு அகல விடவில்லை. அவனோ ஒரு நண்பனை வழியனுப்புவதாகப் பொய் சொல்லி, தாய் பக்கத்துக் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவில் ரோமுக்குக் கப்பலேறிவிட்டான். இதையெல்லாம் அகுஸ்தினாரே எழுதிவைத்திருக்கிறார். 354-ல் பிறந்தவர் 387-ல் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். உங்கள் மகனுக்கு வயது பதினாறு.

மாதாவும் இதே இடத்தில் நின்றவர்தான். பன்னிரண்டு வயது மகனைத் தேடிக் கண்டுபிடித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். அவன் சொன்ன பதில் பெற்றோருக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். புரியாததை அந்தத் தாய் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். பதில் புரியும்வரை பிள்ளையைக் குடையவில்லை.

அன்பியப் பொறுப்பை விடாதீர்கள். பிள்ளை பூசைக்கு வராத வீட்டுக்காரி தலைமை தாங்கக்கூடாது என்று யாராவது சொன்னால், அதே துயரம் உள்ள மற்றத் தாய்மார் இனி வாயே திறக்க மாட்டார்கள். உங்கள் தெருவில் ஒக்கிக்குப் பிறகு இப்படி வாய்மூடிய வீடு உங்களுடையது ஒன்றாக மட்டும் இருக்காது. அடுத்த கூட்டம் உங்கள் வீட்டு முறை வரும்போது மகன் அறைக்குள் இருந்தால் இருக்கட்டும், தேநீர் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிக் காட்சிப்பொருளாக்காதீர்கள். யாராவது விசாரித்தால், "அவனுக்காக ஜெபியுங்கள், அவன் விஷயத்தை நான் கூட்டத்தில் பேசுவதில்லை" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மாமியாருக்கும் இதே பதில்தான், மரியாதையோடு.

அவனுடைய ஞானத்தகப்பன் யார் என்று எழுதவில்லை. திருமுழுக்கில் பெயருக்கு நிற்க வைத்தவர் அல்ல அவர். பிள்ளை கிறிஸ்தவ வாழ்வில் வளரத் துணைநிற்பது அவருடைய கடமை. நல்ல மனிதராக இருந்தால், அவனைக் கடற்கரைக்கோ கால்பந்து பார்க்கவோ கூட்டிப்போகச் சொல்லுங்கள், உபதேசம் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கோபமும் விலகலும் ஒரு பக்கம் இருக்க, தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, நண்பர்களைத் தவிர்ப்பது, மதிப்பெண் சடசடவென்று இறங்குவது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கணவரையும் இதில் சேர்க்க வேண்டும். இதுவரை கரைக்கு வந்த சில நாட்களில் மகனைப் பற்றிய புகாரைத்தான் அவர் முதலில் கேட்டிருப்பார், உடனே கண்டித்திருப்பார், மறுபடி கடலுக்குப் போயிருப்பார். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். 61 நாள் அவர் வீட்டில் இருப்பார். மைத்துனன் போன அதே கடலுக்கு ஒவ்வொரு முறையும் இறங்கிப் போகிற மனிதர் அவர். கடலில் பயம் வரும்போது என்ன செய்வார், எப்படி ஜெபிப்பார், ஜெபிக்க முடியாத இரவுகள் உண்டா என்பதையெல்லாம் மகன் அவர் வாயால் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லி வராதது அங்கே வரக்கூடும். அந்த நாட்களில் இருவரும் ஒருமுறை நாகர்கோவிலுக்கு வந்தால் நேரில் பேசலாம். மகனை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். பெற்றோர் இருவர் மட்டும் வாருங்கள்.